‘வை’ என்று பழகிய வாய்

வீட்டம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் பேனா தானாக ஓடுகிறது. பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். பெரியவளுக்குக் கல்லூரி பிடித்திருக்கிறதா? பல் விழுந்த வாயோடு சின்னவன் எடுத்துக்கொண்ட படத்தைத் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவருக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டு முடிப்பதற்குள் என் வாய் ‘நல்லா இருக்கேன்’ என்று முந்திக்கொள்கிறது. அதை நம்பிப் பயனில்லை. என் அறையில் தங்கியிருக்கும் கிரேன் ஓட்டுநர் லீவில் வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை மறுநாள் உன் கைக்கு வந்துவிடும்.

கிடங்கில் மராமத்து, ஐந்து வாரம் லீவு என்று சொன்னேனே, அது பச்சைப் பொய். கோபப்படு, ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு. லாரியில் மூட்டை ஏற்றும் சாய்பலகையில் கால் வழுக்கி, சுமையோடு விழுந்தேன். எலும்பு முறியவில்லை. முதுகுத்தண்டில் ஏதோ பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். இடது பாதம் அடிக்கடி மரத்துப்போகிறது. போன வாரம் செருப்பு கழன்றது தெரியாமல் நாலு கடை தாண்டி நடந்திருக்கிறேன். பழக்கடைக்காரர் கூப்பிட்டுக் காட்டினார். சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் மாட்டிக்கொண்டேன். அறைக்கு வந்து அழுதேன்.

மேல் கட்டிலில் ஏற முடியாது என்று ஓட்டுநர் தன் கீழ்க் கட்டிலை எனக்குக் கொடுத்தார். ஐந்து வாரமாக முகத்துக்கு மேலே ஒரே பலகையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். அதில் ஏழு ஆணி. எட்டாவது இருந்த இடத்தில் ஓட்டை மட்டும்.

வேலைக்குத் திரும்பும் முன் உடம்பு தாங்குமா என்று பார்க்க நேற்று என்னை ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஊசி, மருந்து எதுவுமில்லை. ஒரு நீள அறை, நாலைந்து படிகள், அலமாரி, ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதில் அடுக்க இரும்புத் தட்டுகள். சோதிக்கிற பெண்ணுக்கு நம் பெரியவளைவிடப் பத்து வயது கூட இருக்கும். இதயத் துடிப்பைத் திரையில் காட்டும் பெல்ட் ஒன்றை நெஞ்சில் கட்டிவிட்டாள். பெட்டியைத் தரையிலிருந்து மேசைக்குத் தூக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு தட்டைக் காட்டி, இன்னும் வைக்கலாமா என்று கேட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. கிடங்கில் பின்னால் நிற்பவன் நம் முதுகில் மூட்டையை அடுக்கிக்கொண்டே வைக்கவா என்பான். சுமப்பவன் ‘வை’ என்பான். ‘போதும்’ என்றால் அந்த மூட்டை இன்னொருவன் முதுகுக்குப் போகும். பதினோரு வருடத்தில் நான் அப்படிச் சொன்னதே கிடையாது. அங்கே எனக்குப் பட்டப்பெயரே ‘வை அண்ணன்’தான். அவள் கேட்கக் கேட்க, மரியாதைக்கு ஒரு ‘ம்மா’ சேர்த்து, வைம்மா, வைம்மா என்றேன். காலில் மின்சாரம் பாய்ந்தது. கண் இருட்டியது. வைம்மா என்றேன். இருபத்திரண்டு கிலோவில் அவளே பெட்டியைப் பிடித்து இறக்கிவிட்டாள். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டாள். இரண்டு என்றேன்.

திரையை என் பக்கம் திருப்பினாள். “உங்க வாய் ரெண்டுங்குது. உங்க நெஞ்சு அப்படிச் சொல்லலையே அண்ணா. ஆனா நீங்க நிறுத்தச் சொல்லலைன்னா, தூக்கினதைத்தான் நான் எழுத முடியும்.”

தூக்கினேன் என்று அவள் எழுதிவிட்டால் திங்கட்கிழமை மறுபடி அதே சாய்பலகை. இன்னொரு தடவை விழுந்தால் கால் திரும்பக் கிடைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை இருக்கிறதா என்று சூப்பர்வைசரைக் கெஞ்சிப் பார்த்தேன். வந்தால் முழு ஆளாக வா, இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பு என்கிறார். ஊருக்கு எந்த முகத்தோடு வருவேன்? பெரியவளை நர்சிங்கில் சேர்க்கவா என்றாய், சேர் என்றேன். மாடியில் ஓர் அறை கட்டவா என்றாய், கட்டு என்றேன். உன்மேல் குற்றமில்லை. நீ கேட்டாய், நான்தான் வை, வை என்றேன். இந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், அந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் பெண் நல்லவள். வெள்ளிக்கிழமை வரை அறிக்கையை எழுதாமல் வைத்திருக்கிறாள். அன்று மறுபடி தூக்கச் சொல்வாள். முடியாத இடத்தில் நானே வாய் திறந்து நிறுத்தச் சொல்ல வேண்டுமாம். பதினோரு வருடமாகச் சொல்லாத அந்தச் சொல்லைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்காதே. உதடு வரைக்கும் வருகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. ஓட்டுநர் கதவைத் தட்டி, உள்ளே யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

பிள்ளைகளிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. நீ மட்டும் வியாழக்கிழமைக்குள் போன் செய். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதே, கேட்டால் பொய் சொல்வேன். திட்டுவதாக இருந்தால் திட்டு. திட்டி முடித்ததும் அந்த ஒரு சொல்லை நீ சொல்லிவிடு. உன் வாயால் கேட்டுவிட்டால் எனக்கும் வந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு மாடிப்படி ஏறுகிறாயாம், சின்னவன் போனில் சொன்னான். அப்படிச் செய்யாதே. ஒன்று போதும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
வீட்டுக்காரன்