தீப்பெட்டிக்குள் ஒரு குளவி

இன்று காலை கொல்லையில் பாத்திரம் கழுவும் இடத்து ஈரமண்ணில் ஒரு குளவி வந்து உட்கார்ந்தது. மண்ணை உருட்டிக் கவ்விக்கொண்டு பறந்தது. கைவேலையை விட்டுவிட்டு உங்களை நினைத்தபடி நின்றேன்.

கல்யாணமாகி நாற்பதாம் நாள் சவூதிக்குப் போனீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது வீடு நிறைய ஆட்கள். நாம் பேசிக்கொண்டது கொஞ்சம். இதயம் பலவீனமாகி ஒன்பதாம் வருடம் திரும்பி வந்தபோது, எனக்கு உங்கள் கையெழுத்துதான் பழகியிருந்தது, முகம் இல்லை.

நம் ஊர் லப்பைக்குடிக்காட்டில் சவூதியிலிருந்து வந்தவரிடம் எல்லாரும் கேட்பது, எப்போது திரும்பப் போகிறீர்கள் என்றுதான். அதற்குக் கூசி, கொல்லையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். எறும்பு, பொன்வண்டு, ஓணான் என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். குளியலறைச் சுவரில் குளவி கூடு கட்டி, பச்சைப் புழுக்களைக் கொண்டுவந்து அடைத்து, வாயை மண்ணால் மூடியதுவரை பார்த்து எனக்குச் சொன்னீர்கள்.

உங்கள் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "குளவி கூடு கட்டிருச்சு. இனிமே இந்த வூட்டுல புள்ள தங்கும் பாரு," என்றார்கள்.

அந்த மாதமும் தங்கவில்லை. ஆத்திரத்தில் விளக்குமாற்றுக் கட்டையால் கூட்டை இடித்துத் தள்ளினேன். உள்ளே வெள்ளையாக ஒரு குட்டிப் புழு நெளிந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நீங்கள் திட்டவில்லை. உடைந்த மண்ணோடு, அதன் இரையோடு, அந்தப் புழுவை ஒரு தீப்பெட்டியில் எடுத்து வைத்தீர்கள்.

"இத்தன வருசமும் இப்புடித்தான் தனியா அழுதியா புள்ள?"

தலையாட்டினேன்.

"அங்க ஒரே ரூமுல எட்டுப் பேரு. நான் பாத்ரூமுல தண்ணியத் தொறந்து வுட்டுட்டு அழுவேன்."

அன்றைக்குத்தான் எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது.

தினமும் காலையில் இரண்டு பேரும் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தோம். மூன்று வாரம் கழித்துக் குளவியாகி வெளியே வந்தது. உங்கள் விரலில் ஏறி இறகை நீவிக்கொண்டது. "கொட்டிடப் போவுதுங்க!" என்று கத்தினேன். அது பறந்த பிறகும் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

மழை பிடிக்கும் முன்பே இதயம் நின்று மவுத்தாகிவிட்டீர்கள். உங்களுக்காக வெளியே போகாமல் இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும், நான் பார்த்த வானம் கொல்லைக்கு மேலே இருந்ததுதான். தும்பி வந்தது. ஈசல் புறப்பட்டது. கூப்பிட்டுக் காட்ட ஆளில்லை.

உங்கள் அம்மாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை. நான் கொல்லையில் வெகுநேரம் நின்றால், சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, "என்ன புள்ள பாத்துக்கிட்டு நிக்கிற? என்ன பண்ணுது அது?" என்று கேட்கிறார்கள்.

நீங்கள் எனக்குச் சொன்ன மாதிரியே, மெதுவாக, ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.