மூன்று மாடி ஏறியவர்களிடம் கேட்ட சோர்வுக் கேள்வி

அனுப்புநர்:
பொத்தான் கடை உரிமையாளர்,
கடைவீதி, மணிக்கூண்டை அடுத்த மூன்றாவது கடை.
(நரம்பியல் பிரிவு வெளிநோயாளி)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: மூன்றாம் மாடி மின்தூண்டல் அறையை இம்மாத இறுதியில் மூடும் முடிவு – அதற்குக் காரணமான சோர்வு மதிப்பெண்களில் நேர்ந்த பிழை – மறுபடி அளந்து பார்க்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். புகார் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் வாங்கிய சரக்கு நன்றாக இருந்ததை மறைத்துவிட்டு, பொட்டலம் கட்டிய விதத்தை மட்டும் குறை சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆகவே நல்லதை முதலில் எழுதுகிறேன்.

2. எனக்கு ஆறு வருடமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்துபோகும் நோய் என்று தங்கள் மருத்துவர் விளக்கினார். என் நடையைப் பார்த்தால் நோய் தெரியாது. தெரிவதெல்லாம் சோர்வு. அது தூங்கி எழுந்தால் போகிற சோர்வு அல்ல. காலை பதினொரு மணிக்கு ஒரு டஜன் சட்டைப் பொத்தானை எண்ணிக் கொடுக்க முடியாமல், ஏழில் கை நின்றுவிடும். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே படுத்துக்கொள்வேன். தலையில் துணிமூட்டை சுமந்து தெருத்தெருவாக விற்று இந்தக் கடையைப் பிடித்தவள் நான். கடைவீதியில் எனக்கு 'பதினொரு மணி அக்கா' என்று பெயர் வைத்தார்கள். சிரித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

3. தங்கள் மருத்துவமனையில் நான்கு வாரம், இருபது முறை மின்தூண்டல் கொடுத்தார்கள். நெற்றியருகே இரண்டு ஈரப் பஞ்சு, ஒரு ரப்பர் பட்டை, இருபது நிமிடம் மெல்லிய மின்சாரம். எறும்பு ஊர்வது போல இருக்கும், அவ்வளவுதான். "பொத்தான் கடைக்காரிக்கே ரெண்டு பொத்தான் வெச்சுத் தைச்சுட்டாங்களா?" என்று என் கணவர் கேலி செய்தார். மருத்துவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "இது நோயைத் தீர்க்காதும்மா. சோர்வு கொஞ்சம் குறையலாம், குறையாமலும் போகலாம்." இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பவரை நான் சந்தையில்கூட அதிகம் பார்த்ததில்லை.

4. மூன்றாம் வாரத்திலிருந்து எனக்குக் குறைந்தது. இப்போது கடை மாலை வரை திறந்திருக்கிறது. இது மனப்பிரமையாக இருந்தால் என்ன செய்வாய் என்று என் கணவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அதனால்தான் சரியாக அளக்கச் சொல்கிறேன்.

5. இனி குறை. போன வாரம் அந்த அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'பயனாளிகளின் சோர்வு குறையவில்லை, சிலருக்கு அதிகரித்துள்ளது. அறை மூடப்படும்.' அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. சோர்வு பத்துக்கு எத்தனை என்று கேட்டதற்கு முதல் நாள் ஆறு என்றேன், கடைசி நாள் ஒன்பது என்றேன். இரண்டும் உண்மை.

6. அது எப்படி என்றால், முதல் நாள் கேள்வியைக் கீழ்த்தளத்தில், பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காரவைத்த பிறகு கேட்டார்கள். கடைசி நாள் கேள்வியை மூன்றாம் மாடி வாசலில், அறுபத்தாறு படி ஏறி நுழைந்தவுடன் கேட்டார்கள். எங்கள் முறை காலை எட்டு மணிக்கு. லிஃப்டோ ஒன்பது மணி வரை ஸ்ட்ரெச்சருக்கும் சக்கர நாற்காலிக்கும் மட்டும். "நடக்கறவங்களுக்கு இப்போ இல்லைக்கா, சட்டம் அப்படி" என்று லிஃப்ட்காரர் சொன்னார். மேலே செவிலியப் பெண், "மூச்சு வாங்குதே அக்கா! சரி, சொல்லுங்க, பத்துக்கு எத்தனை?" என்றார். படிவத்தில் 'வந்தவுடன் கேட்கவும்' என்றிருக்கிறது. அவர் மேல் தவறில்லை. மின்விசிறிக்கு அடியில் தராசை வைத்து எடை போட்டது போலத்தான் இது.

7. எங்கள் குழுவில் ஐந்து பேர். நான்கு பேருக்கு எண் கூடியிருக்கிறது. ஒருவருக்கு மட்டும் ஏழிலிருந்து நான்காகக் குறைந்திருக்கிறது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கடைசி நாளுக்கு முந்தைய மாலை கணுக்கால் பிசகியதால் சக்கர நாற்காலியில், லிஃப்டில் வந்தார். ஐயா அவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்: கால் பிசகியவருக்குச் சோர்வு குறைந்திருக்கிறது, கால் நன்றாக இருக்கும் நால்வருக்கும் ஏறியிருக்கிறது.

8. "அன்னைக்கு மூணுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே, அறை தப்பிச்சிருக்குமே" என்கிறார் பக்கத்துப் பூட்டுக் கடைக்காரர். பதினொன்று என்று தெரிந்தே ஒரு டஜன் என்று நான் கொடுத்ததில்லை. ஆனால் நான் சொன்ன அந்த உண்மையான ஒன்பதால், அடுத்த முறைக்குக் காத்திருக்கும் எட்டுப் பேருக்குக் கதவு மூடப்போகிறது என்பது என்னை உறுத்துகிறது. அவர்களில் ஒரு தட்டச்சுக்காரப் பெண், "எனக்கும் கிடைக்குமாக்கா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பலன் சில மாதத்தில் மங்கக்கூடும், அப்போது திரும்ப வர வேண்டியிருக்கும் என்று எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். சுயநலமும் உண்டு, மறைக்கவில்லை.

9. ஆகவே கேட்பது இரண்டு. எங்கள் ஐவரையும் அதே கீழ்த்தளப் பெஞ்சில், அதே ஒரு மணி நேரம் உட்காரவைத்து, அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். அப்போதும் குறையவில்லை என்றால் அறையை மூடிவிடுங்கள். வாய் திறக்க மாட்டேன். குறைந்திருந்தால், இயந்திரத்தைக் கீழே கொண்டுவர வேண்டும். அது நான் நூல்கண்டு அடுக்கும் பெட்டியைவிடச் சிறியது. தினமும் ஐந்து பேர் மேலே ஏறுவதைவிட அது ஒருமுறை கீழே இறங்கிவிடலாம். ஊசி போடும் அறைக்குப் பக்கத்தில் உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறை ஒன்று சும்மா கிடக்கிறது. ஜன்னல் வழியே பார்த்துவிட்டேன். சுவரில் பிளக் பாயிண்ட் இருக்கிறது.

10. சான்றாக மருத்துவக் காகிதம் எதுவும் இணைக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தேதிக்குக் கீழே நேரத்தை எழுதியிருக்கிறேன். இந்த மனுவை, வாடிக்கையாளர்களைக் கவனித்தபடியே, நடுவில் ஷட்டரை இறக்காமல், என் கையாலேயே எழுதினேன். தாங்கள் ஆவன செய்வீர்கள் என்ற நம்பிக்கையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒருவர் கோட்டுப் பொத்தான் கேட்டு நிற்கிறார்.

இடம்: என் கடை
நாள்: பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை
நேரம்: மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம்

இப்படிக்கு,
(கையொப்பம்)
முன்னாள் பதினொரு மணி அக்கா