பன்னிரண்டாம் நாற்காலி

செங்கற்பட்டு
28-2-1971

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். விடுதிச் சாம்பாரில் பருப்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கியபோது ஒன்று தோன்றியது. பெரிய வியாழனன்று இயேசுவின் அப்போஸ்தலர்களாகப் பன்னிரண்டு ஆண்களை நாற்காலியில் உட்காரவைத்துச் சாமியார் கால் கழுவுகிறாரே, அதில் நம் சாயக்காரத் தெருவிலிருந்து ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இங்கே விடுதிக் கோயிலில் போன வருடம் தோட்டக்காரர் சூசை உட்கார்ந்தார். ஆகவே இந்த வருடம் உங்களைச் சேர்க்கும்படி நம் சாமியாருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். உங்களிடம் கேட்டால் வேண்டாம் என்பீர்கள். அதனால்தான் அதை முதலில் தபாலில் போட்டேன்.

உங்கள் மகள்
சம்பூர்ணம்


பெரிய காஞ்சிபுரம்
9-3-1971

அன்பு மகளுக்கு அப்பா சாமுவேல் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

என்ன காரியம் செய்தாய்? சாமியார் உன் கடிதத்தை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு பேரைப் பொறுக்குவது அவர்தானே. ஞாயிறு பூசை முடிந்து எல்லோர் முன்னாலும் உபதேசியார், "என்னா சாமுவேலு, அப்போஸ்தலர் ஆவணுமாமே நீ! சாயத்துல நின்னு நின்னு உன் காலு கத்திரிக்கா மாதிரி இருக்குது. சாமியார் துண்டு என்னாத்துக்கு ஆவும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வருகிறவர்கள். என் காலை எதைப் போட்டுத் தேய்ப்பது? பீடத்துக்குப் பூ வைக்கும் தன் வேலை போய்விடுமோ என்று அம்மா பயப்படுகிறாள். உபதேசியாரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிவிடும்மா.

அப்பா


செங்கற்பட்டு
16-3-1971

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுத மாட்டேன்.

தவக்காலம் முழுவதும் சாமியார் போட்டுக்கொள்கிற ஊதாப் பூசை உடுப்பு யார் சாயம் தோய்த்த பட்டு? நீங்கள் அதைத் தோய்த்த வாரம் நான் உங்களுக்குச் சோறு கொண்டுவந்தேன். உங்கள் சாயம் அவர் தோளில் ஏறலாம், துண்டில் படக் கூடாதா? இதை உபதேசியாரிடம் நீங்கள் கேளுங்கள். இல்லாவிட்டால் நான் வந்து கேட்பேன். பரீட்சை இருப்பதால் பாஸ்கா பண்டிகைக்கு ஊருக்கு விட மாட்டார்கள். அதுதான் அவருடைய நல்ல காலம்.

நீங்கள் சிரித்ததைப் படித்துவிட்டு இரண்டு நாள் அழுதேன். இனி அப்படிச் சிரிக்காதீர்கள் அப்பா.

சம்பூர்ணம்


பெரிய காஞ்சிபுரம்
12-4-1971

அன்பு மகளுக்கு,

பாஸ்கா வாழ்த்து. பெரிய வியாழனன்று சாயப்பட்டறையிலிருந்து நேரே கோயிலுக்குப் போனேன். கால் கழுவவில்லை. கழுவத்தானே உட்கார வைக்கிறார்கள்!

அந்தப் பன்னிரண்டில் ஒருவரான பட்டுக்கடை முதலாளி வழக்கம்போல் நேரத்துக்கு வரவில்லை. கடைசி நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். உபதேசியார் ஓடிவந்து, "எழுந்திருபா, அது அவரு இடம்" என்று காதில் சீறினார்.

"அப்போஸ்தலருக்கும் ரிசர்வேஷன் இருக்குதாங்க?" என்றேன். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

சாமியார் தண்ணீர்ப் பேசினோடு வந்து என் முன் நின்றார். முகத்தைப் பார்த்தார். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. முழங்காலிட்டுக் கழுவினார், துடைத்தார், முத்தமிட்டார். உன் அம்மா பாட்டை விட்டுவிட்டு எட்டி எட்டிப் பார்த்தாளாம்.

மறுநாளே அம்மாவைப் பூ வைக்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "போனாப் போகுது" என்கிறாள்.

நேற்று வாசலில் உபதேசியார் என்னை மறித்தார். "பொண்ணு பேச்சைக் கேட்டுக்கினு ஆடுறியாபா? அடுத்த வருசம் நீ எப்படி உக்கார்றேன்னு பாக்கறேன்."

"எங்க தெரு முனிரத்தினமும் வரேன்றான். ரெண்டு நாற்காலி வையுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் அப்பா
சாமுவேல்