வெறும் மைதானங்களில் விழுந்த கோல்கள்

இன்று காலை எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் கொம்யூன்காரர், அதாவது நகரசபை ஆட்கள், புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சமையலறை யன்னலைத் திறந்தேன். ஈரப்புல்லும் டீசலும் கலந்த மணம் உள்ளே வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். நீங்கள் போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, ஆட்டைத்திவசம் இனித்தான். இந்த மணம் என்ன மணம் என்று கேட்காமலே தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

எண்பத்தைந்து ஆவணியில் நான் டென்மார்க்குக்கு வந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. கலியாணம் முடிந்த கையோடு நீங்கள் நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டியிருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு ரண்டர்ஸ் நகரில் உங்களோடு வந்து சேர்ந்தபோது, உங்களுக்குத் தேத்தண்ணீரில் எவ்வளவு சீனி என்றுகூட எனக்குத் தெரியாது. தொழிற்சாலையில் ஒரு கிழமை லீவு எடுத்தீர்கள். கீழ்வீட்டு அண்ணையிடம் அவருடைய பழைய காரைக் கேட்டீர்கள்.

"புதுப் பொம்பிளைக்கு விளையாட்டு மைதானமே காட்டப் போறாய்? கடற்கன்னிச் சிலையைக் கொண்டுபோய்க் காட்டடா" என்றார் அண்ணை.

"அதை எல்லாரும் காட்டுவினம், அண்ணை" என்றீர்கள்.

காரில் போகும்போதுதான் காரணத்தைச் சொன்னீர்கள். பள்ளிக்கூட அணியில் நீங்கள் கோல்காப்பாளர். "எங்கட மைதானத்தில இப்ப ஆமி இருக்கிறான். இஞ்ச ஊருக்கு ஊர் மைதானம் இருக்குது. ஒரு மட்சாவது முழுசா இருந்து பாக்கவேணும்." வந்த நாளிலிருந்து ஒன்றையும் பார்க்கவில்லை என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். "நீர் வரட்டும் எண்டு இருந்தனான்." கியரை மாற்றினீர்கள்.

முதலில் ஓகூஸ் நகரத்து மைதானம். படிகளில் ஏறி மேலே வந்ததும் என் கண்முன் விரிந்த பச்சையை நான் அதற்கு முன் எங்கும் கண்டதில்லை. வெள்ளைக் கோடுகள் கோலம் போட்டதுபோலச் சுத்தமாக இருந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு வயதான டேனிஷ்காரி மடியில் நூலை வைத்துக் கையுறை பின்னிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற பொலிஸ்காரன் சொசேஜ் தின்றுகொண்டிருந்தான். அவனிடம் துவக்கு இருக்கிறதா என்று நான் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள்.

பிறகு கோல் விழுந்தது. அத்தனை சனமும் ஒரே சத்தமாக எழும்பியது. ஊரில் சனம் எழும்பி ஓடினால் நாங்களும் ஓடுவோம். ஏன் என்பதைப் பிறகுதான் கேட்போம். உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன், நீங்கள் வரவில்லை, நான் ஓடினேன். அந்தப் பொலிஸ்காரன் சொசேஜோடு விலகி எனக்கு வழி விட்டான். காருக்குப் பக்கத்தில் நின்றபோது உள்ளே சனம் பாடுவது கேட்டது. நீங்கள் பின்னாலேயே வந்துவிட்டீர்கள்.

"நீங்கள் போய்ப் பாருங்கோ. நான் காருக்குள்ள இருக்கிறன்."

"தனிய இருந்து என்னத்தைப் பாக்கிறது?" என்று காரை ஸ்டார்ட் பண்ணினீர்கள்.

திரும்பி வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். விபோர்க்குக்குப் போனோம். மறுநாள் காலை மைதானத்துக்குப் போனோம். வேலைநாள், மட்ச் இல்லை, கேட் திறந்து கிடந்தது, காவலுக்கு ஒருவரும் இல்லை. திறந்து கிடந்ததே எனக்குப் பெரிய அதிசயம். புல்லில் கால் வைக்குமுன் கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றினேன். நீங்களும் கழற்றினீர்கள். ஒருவர் இயந்திரத்தில் இருந்து புல் வெட்டிக்கொண்டு வந்தார். எங்களைத் துரத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கையைக் காட்டிவிட்டு, நாங்கள் நின்ற இடத்தை மட்டும் விட்டு எங்களைச் சுற்றி வெட்டிக்கொண்டு போனார்.

அவர் போனதும் என்னைப் படியில் இருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றீர்கள்.

"நான் கோல் எண்டு கத்துவன். நீர் எழும்பி நிக்கவேணும். ஓடப்படாது."

"ஆர் அடிக்கிற கோல்?"

"ஆரோ எனக்குத்தான் அடிக்கிறான். அப்பதானே உமக்குச் சந்தோசம்."

பிறகு, இல்லாத ஒரு பந்துக்காக ஈரப்புல்லில் பாய்ந்து விழுந்து, பிடிக்காமல் விட்டுவிட்டு, "கோல்!" என்று கத்தினீர்கள். வெறும் மைதானத்தில் அந்தச் சத்தம் சுற்றி வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, எழும்ப வரவில்லை. எஸ்பியரிலும் விழுந்தீர்கள். ஓடென்சவில் மழைக்குள் விழுந்தீர்கள். அங்கேதான் முதல்முறை எழும்பி நின்றேன். ஒரு பெரிய ஆம்பிளை, யாரோ ஒருவருடைய மைதானத்தில், சேறு பூசிய காற்சட்டையோடு எனக்காகத் தோற்றுக்கொண்டேயிருந்தார். நான் யாரைக் கட்டியிருக்கிறேன் என்று அன்றுதான் கண்டேன்.

அப்போது பாலம் இல்லை. காரோடு கப்பலில் ஏறிக் கடலைக் கடந்தோம். டோஸ்ட்ருப்பில் உங்கள் சிநேகிதர் வீட்டில் தங்கினோம். ஞாயிற்றுக்கிழமை கோப்பன்ஹேகனில் மட்ச் இருந்தது. நீங்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"இண்டைக்கு உள்ளுக்குப் போவம்" என்று நான்தான் சொன்னேன்.

"ஓம். ஏலாட்டிச் சொல்லும், வெளிக்கிடுவம்."

அந்த மைதானம் அவ்வளவு பெரிது. எங்கள் ஊர்ச் சனம் முழுவதையும் கொண்டுவந்து இருத்தினாலும் இடம் மிஞ்சும். முதற்பாதியில் கோல் விழவில்லை. விழாமலே முடிந்துவிடாதா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். பிற்பாதியில் விழுந்தது. காலுக்குக் கீழே பலகைகள் அதிர்ந்தன. சத்தம் நெஞ்சுக்குள் புகுந்தது. கால்கள் ஓடத்தான் எழுந்தன. எழுந்த இடத்திலேயே நின்றேன். சனம் கத்தியது, கட்டிப்பிடித்தது, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல இருந்து பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றியது. இவ்வளவு பேர் கூடிக் கத்தியும் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஆர் அடிச்சது?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"கண்முன்னாலதானே அடிச்சவன்?"

"நான் உம்மையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான்."

அந்த மட்சை முடியும்வரை இருந்து பார்த்தோம். திரும்பி வரும்போது கப்பலில் நீங்கள் நன்றாக நித்திரை கொண்டீர்கள்.

நீங்கள் போன பிறகு வந்த ஆனியில் மகளுக்கு வெள்ளைத் தொப்பி போட்டார்கள். படிப்பு முடித்த பிள்ளைகள் மேடையில் நின்றபோது மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் எழும்பிக் கை தட்டியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் கால்கள் முதலில் வாசலைத்தான் தேடின. பிறகு நின்றன. தேடுவதற்கும் நிற்பதற்கும் இடையில் ஒரு கணம் இருக்கிறது. அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம். அந்தக் கணத்தில், எல்லோரும் மேடையைப் பார்க்கும்போது, ஒருவர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.