மூணாவது மெஷின்

ஜூன் 3

காலைக் கூட்டத்தில் மேலாளர் "இளைஞர்களின் கோபம்" என்று தலைப்பிட்டு வண்ணப் படம் போட்டுக் காட்டினார். கோபம் சிவப்பில், கிண்டல் மஞ்சளில், காதல் மட்டும் ஒரு ஓரத்தில் கீற்றுப் போல. அரைக் கிழவர் ஆகிவிட்டார், ஆனால் ராப் பற்றிப் பேச வேண்டும் என்றால் தலையை மூடும் அந்தக் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவார். "கோபம் இப்ப நல்லா ஓடுது. ஆனா காதுக்கு இனிமையா இருக்கணும்" என்றார். சுடாத நெருப்பு வேண்டுமாம் ஐயாவுக்கு.

யாரும் அறியாத ராப் பாடகர்களைத் தேடிப் பிடித்துக் கம்பெனிக்குக் கொண்டுவருவது என் வேலை. இந்த மாதம் ஒரு குரலும் சிக்கவில்லை என்றால் என் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார் என்று எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

ஜூன் 7

வீட்டு வாஷிங் மெஷின் படுத்துவிட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைச் சலவைக் கடைக்குப் போனேன்.

கடைக்காரம்மாவின் மகள் விடுதிப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் மூன்றாவது மெஷினுக்கு ஒரு கால் குட்டை. உள்ளே துணி உருளும்போது தரையில் இடிக்கிறது: டக், டடக், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டக். நொண்டி நடப்பது போல. அந்த இடைவெளியில் அவள் சொல்லை வைக்கிறாள். முதலில் முணுமுணுப்பு என்றுதான் நினைத்தேன்.

"உன் காலர் அழுக்கு எனக்குத் தெரியும், உன் கண்ணுக்கு நான் தெரியல. உன் பையில மறந்த டிக்கெட் தெரியும், என் பேரு உனக்குத் தெரியல."

மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அருகில் போனேன். பெயர் கேட்டேன். "ஈரத்துணின்னு கூப்பிடுவாங்கக்கா. எப்பவும் கை ஈரமாவே இருக்கும்ல."

ஜூன் 10

மேம்பாலத்தின் கீழே சாயங்காலம் ராப் பாடுகிற பிள்ளைகள் கூடும் வட்டத்துக்கு என்னை அழைத்துப்போனாள். அங்கே கைதட்டக் கூடாது. பிடித்திருந்தால் செருப்பால் தரையைத் தட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் சும்மா இருப்பார்கள், அது திட்டுவதைவிட மோசம்.

ஈரத்துணி நடுவில் போய் நின்றாள். இரண்டு வரி. திக்கினாள். ஒரு செருப்பும் அசையவில்லை.

திரும்பி வரும்போது, "மூணாவது மெஷின் ஓடலன்னா எனக்கு வராதுக்கா. ஆஸ்பத்திரித் துணி போட்டா இன்னும் நல்லா இடிக்கும்" என்றாள். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 14

கடையிலேயே பதிவு செய்தோம். சின்ன மைக்கைத் துவைத்த துணிக்கூடையில் நட்டு வைத்து, மூணாவது மெஷினில் கனமான போர்வைகளைப் போட்டு ஓடவிட்டோம். ஒரே மூச்சில் முழுப் பாட்டும். என்ன பாட்டு! பொறி பறந்தது.

கடைக்காரம்மா வாடிக்கையாளர்களை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாடட்டும், நான் வேணாங்கல. ஆனா எம்பொண்ணை எம்பொண்ணாவே காட்டுவீங்களா?"

"இப்ப கேட்டீங்களே, இப்படியேதாம்மா வரும். நான் பொறுப்பு" என்றேன்.

ஜூன் 19

நாசமாப் போக.

பதிவைச் சரிசெய்யும் தம்பி காலையில் பெருமையாகக் கூப்பிட்டான். "ஒரே பட்டன்கா, பின்னாடி இரைச்சல் மொத்தமும் காலி." மெஷின் சத்தத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, கடையில் ரெடிமேடாக விற்கிற தாளம் ஒன்றை அடியில் ஓடவிட்டிருக்கிறான். இடிக்கும் காலுக்கு ஏற்றபடி அவள் வைத்த சொல் எல்லாம் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. குடித்துவிட்டுப் படியேறுகிறவள் போலக் கேட்கிறது. எதை இரைச்சல் என்கிறாய்? அதுதானேடா தாளம்!

அதற்குள் மேலாளர் அதைக் கேட்டாயிற்று. "பொண்ணுக்குத் தாளம் நிக்கலையே. வரியெல்லாம் நல்லாருக்கு. வெட்டி ஒட்டி நேர்ப்படுத்திடலாம்."

"சார், முதல்ல எடுத்ததைக் கேளுங்க. ரெண்டே நிமிஷம்."

"மூலப் பதிவெல்லாம் நான் கேக்கிறதில்ல. அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க."

"அவ மெஷினுக்குத்தான் பாடுறா."

"எந்த மெஷினா இருந்தா என்ன மேடம்? தாளம் தாளம்தான்."

என்ன மெஷின் என்றுகூடக் கேட்கவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். கண்ணாடிக் கதவு, சத்தமே வரவில்லை. அதுவும் என்னைக் கேலி செய்கிறது.

ஜூன் 20

என் வீட்டுக்காரர் சொல்கிறார், உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று. வரட்டும். மூக்கு என்னுடையதுதானே.

ஜூன் 23

தாயும் மகளும் அலுவலகத்துக்கு வந்தார்கள். கடைக்காரம்மா இஸ்திரி மடிப்புக் கலையாத சேலையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வெட்டி ஒட்டிய பாட்டைப் போட்டார்கள். சொற்கள் சிப்பாய்கள் போல வரிசையாக நடந்தன. மூச்சு வாங்குகிற இடம்கூட இல்லை.

ஈரத்துணி என்னைப் பார்த்துக் கேட்டாள். "இது யாருக்கா?"

மேலாளர் முந்திக்கொண்டார். "நீதாம்மா! நீ தாளத்துல இல்ல, நாங்கதான் சரி பண்ணோம். வாய்ப்பு ஒருதடவைதான் கதவைத் தட்டும், யோசி."

அவள் யோசிக்கவில்லை. "எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, அதுவரை பிழைத்தோம். ஆனால் படியிறங்கும்போது தாய் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஈரத்துணியைப் போட்டுக் கழுத்தை அறுப்பது என்பார்கள். அந்தப் பெயர்க்காரியின் கழுத்தையே அறுக்க நான்தானே அவளை அழைத்துப்போனேன்?

ஜூன் 28

இன்றுதான் துணிந்து கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் என்னவோ குறைகிறது என்று தோன்றியது. மூணாவது மெஷின் ஓடுகிறது, ஆனால் சத்தமில்லை. குனிந்து பார்த்தேன். குட்டைக் காலுக்கு அடியில் மரத்துண்டு ஒன்றைக் கச்சிதமாகச் செதுக்கிச் செருகியிருந்தார்கள்.

"நான்தான் ஆள் வச்சுச் சரி பண்ணினேன்" என்றார் கடைக்காரம்மா. "தாளம் தப்புதுன்னு அந்த ஆபீஸ்ல சொன்னாங்களே. இந்தச் சனியன் இடிச்சு இடிச்சுத்தானே எம்பொண்ணு காது கெட்டுப்போச்சு? இனிமே ஒழுங்கா வரும்."

மகள் உள்ளே போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் அடுத்த போர்வையை எடுத்தாள்.

யாரைத் திட்டுவது? அந்த அம்மாவையா? பாசத்தில் செய்தார். நான் விளக்கிச் சொன்னேன், அந்த இடிதான் அவளுடைய தாளம் என்று. "உங்க பொண்ணு தப்பே பண்ணலம்மா, அவங்க காதுதான் செவிடு." அவர் கேட்டுக்கொண்டார். நம்பினாரா தெரியவில்லை. ஏற்கெனவே ஒருமுறை என்னை நம்பியவர்.

பாழாய்ப்போன மேலாளர், பாழாய்ப்போன பட்டன், அதற்கு மேல் பாழாய்ப்போன நான்.

ஜூலை 2

அலுவலகத்துக்கு வேறு ஒரு பையனைப் பிடித்துக் கொடுத்தேன். இனிமையாகக் கோபப்படுகிறான். என் நாற்காலி பிழைத்தது. உட்கார்ந்தால் முள்ளாகக் குத்துகிறது.

ஜூலை 11

வீட்டு மெஷினைச் சரிசெய்தாயிற்று. "இன்னும் ஏன் மூட்டை தூக்குற?" என்கிறார் வீட்டுக்காரர். அழுக்குத் துணியை மூட்டைகட்டினேன்.

ஜூலை 20

மூட்டையோடு போனேன். தெருவிலேயே கேட்டது. டக், டடக், டக்.

அந்த மரத்துண்டு வாசல் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடந்தது. "யார் எடுத்தாங்க?" என்றேன். "நான்தான்" என்றார் கடைக்காரம்மா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "வீடு ரொம்ப அமைதியாப் போச்சு. எனக்குத் தாங்கல."

உள்ளே மேம்பாலத்துக் கூட்டம் முழுக்க இருந்தது. துணிக்கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஈரத்துணி மெஷின்மேல் சாய்ந்துகொண்டு பாடினாள். முடிந்ததும் அத்தனை செருப்பும் ஒன்றாகத் தரையில் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் வழக்கம்போலப் பதிவு செய்யக் கைப்பேசியை எடுத்தேன். அவள் பார்த்தாள். பைக்குள் போட்டுவிட்டேன்.

ஜூலை 27

இன்றும் கடையில்தான் இருந்தேன். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மேலாளரிடமிருந்து செய்தி. கூடவே யாரோ வலையில் போட்ட துண்டுக் காணொளி ஒன்று: முகம் இல்லை, கவிழ்த்த கூடைகள், செருப்புக் கால்கள், ஒரு குரல்.

"யார்னு தெரியல, ஊரே கேக்குது. பின்னாடி ஏதோ இரும்பு இடிக்கிற மாதிரி ஒரு தாளம். அதுதான் விசேஷமே! எந்த வாத்தியம்னு எவனுக்கும் தெரியல. எப்படியாவது கண்டுபிடிங்க. உடனே."

இரண்டு முறை படித்தேன். அந்தக் குரலையே வெட்டி ஒட்டிய மனுஷன்! அடையாளம் தெரியவில்லை. முதலில் பல்லைக் கடித்தேன், பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"தேடிட்டிருக்கேன் சார்" என்று அனுப்பிவிட்டுக் கைப்பேசியை அணைத்து வைத்தேன்.

கடைக்காரம்மா ஒரு பெரிய போர்வையின் இரண்டு முனைகளை என் பக்கம் நீட்டினார். "சும்மாதானே நிக்கிறீங்க, பிடிங்க." பிடித்துக்கொண்டேன். இன்னும் ஈரமாக இருந்தது.