ராசாத்தி கை

என் அக்கா ராசாத்திக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம் போட்டதில்லை. பஸ் ஏறினால் வந்துவிடலாம், எதற்குக் கடிதம் என்று இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன், அதையும் நாலு பேர் படிக்கும்படி அச்சில் போடுகிறேன். உன் பெயர் ஊர் வாயில் கிடக்கிறது அக்கா. உன்னிடம் மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது?

திருச்சுழிக்குப் பக்கத்தில் நீ வாழப்போன ஊரில் எந்த வீட்டில் மிளகாய் நாற்று சாய்ந்தாலும், "ராசாத்தி கை விழுந்துருச்சு" என்கிறார்கள். உன்னைப் பார்த்தே இராத பெண்கள்கூடச் சொல்கிறார்கள். நீ செத்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு நோய்க்கு உன் பெயரை வைத்துவிட்டார்கள்.

அந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. புரட்டாசி பிறந்தும் வானம் வெளுத்துக் கிடந்தது. மழை விழுந்த மறுநாளே நடுவதற்கு நாற்று கையில் இருக்க வேண்டும் என்று மச்சானுக்கு அவசரம். வெளியே பாத்தி போட்டால் வெயில் கருக்கிவிடும், மிச்சத்தை ஆடு மேய்ந்துவிடும். அதனால் மண்ணெண்ணெய் டின்களை நீளவாக்கில் வெட்டி, கரிசலும் எருவும் நிரப்பி, உள்வீட்டில் வரிசையாக வைத்து விதை போட்டார். பார்த்துக்கொள்வது உன் வேலை.

நான் அப்போது உன் வீட்டில் தங்கி அருப்புக்கோட்டையில் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தேன். வீரசோழன் தாண்டி இருக்கும் நம் ஊரிலிருந்து காலையில் நேரத்துக்குப் பஸ் கிடையாது என்று நீதான் என்னைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டாய். அதற்கும் உன் மாமியார் முகத்தைச் சுளித்தார். நீ கண்டுகொள்ளவில்லை.

முளைத்த நாளில் நீ என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாய். "ஏலே முருகேசா, பாருடா, பிள்ளைக மாதிரி எட்டிப் பாக்குதுக" என்றாய். உண்மையில் அவை வெளிறிப்போய், நூல் போல நீண்டு, அந்த வீட்டின் ஒற்றை ஜன்னலைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. வெளிச்சத்துக்கு ஏங்குகிறவை அப்படித்தான் நிற்கும் என்று நம் இருவருக்கும் தெரியாது.

பிறகு ஒன்று சாய்ந்தது. மறுநாள் உள்ளங்கை அகலத்துக்குச் சாய்ந்தது. நீ குடத்தை எடுத்தாய். ஊர்க் கிணறு உப்பு, நாற்றுக்கு ஆகாது என்று ஒன்றரை மைல் நடந்து ஊருணித் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினாய். இன்னும் சாய்ந்தது. இன்னும் சுமந்தாய். நீ தலைக்குக் குளித்து எத்தனை நாள் ஆகியிருந்தது அக்கா? உன் பங்குத் தண்ணீரையும் அதுகளுக்குத்தானே கொடுத்தாய்?

பத்தே நாளில் எல்லா டின்னிலும் நாற்று படுத்துவிட்டது. உன் மாமியார் உள்வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "நாலு வருசமா வயித்துல ஒரு புழு பூச்சி தங்கல. அந்தக் கை தொட்டா முளை மட்டும் தங்குமாக்கும்?" மச்சான் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஐப்பசியில் உன்னைத் தகரப்பெட்டியோடு நம் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். ஐயா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார், ஏதோ விருந்துக்கு வந்தவளைப் போல. ஒரு நாள் அம்மா உன்னைக் கறிவேப்பிலை பறித்து வரச் சொன்னதும், நீ செடிக்கு இரண்டடி தள்ளி நின்று, "நீயே பறிச்சுக்கம்மா" என்றதும் எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் சொன்னதை நீயே நம்பத் தொடங்கிவிட்டாய் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த சித்திரையில் மஞ்சள் காமாலை என்றார்கள். நீ சாப்பாட்டை நிறுத்தி ரொம்ப நாள் ஆகியிருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை.

இனி நீ இல்லாத கதை. மச்சான் மறுகல்யாணம் செய்துகொண்டார். பாலவனத்தத்துப் பெண், பெயர் செல்வி. இரண்டாம் தாரமாக வருகிறவள் மூத்தவளின் பிறந்த வீட்டுக்கும் மகள் என்பது நம் பக்கத்து வழக்கமாயிற்றே? முதல் தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வந்து, உன் படத்துக்குப் பூ வைத்து, அம்மா காலில் விழுந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதது. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். கல்யாணம் ஆகி மூன்று வருஷம். அவளுக்கும் குழந்தை இல்லை.

இரண்டு மனைவி, ஒரே புருஷன். குறை எங்கே என்று ஒரு தடவையாவது கேட்க அந்தத் தெருவில் யாருக்காவது வாய் வந்ததா? வரவில்லை. இந்த வருஷமும் மழை பிந்தியது. மறுபடி டின், மறுபடி உள்வீடு, மறுபடி நாற்று சாய்ந்தது. "செத்தவ கை இவளுக்கு ஒட்டிக்கிருச்சு" என்கிறார் உன் மாமியார்.

நான் இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் டவுனுக்கு வெளியே ஒரு நாற்றுப்பண்ணையில் மோட்டார் புகைந்துவிட்டதென்று போயிருந்தேன். வேலை முடிந்து கை கழுவும்போது பார்த்தேன், கீற்றுக் கொட்டகைக்குள் ஒரு தட்டில் கத்தரி நாற்று சாய்ந்து கிடந்தது. பாவமாக இருந்தது. ஒரு சொம்பு தண்ணீரை மொண்டு ஊற்றினேன்.

அங்கே வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், களைக்கொட்டோடு ஓடி வந்தாள். "யோவ் மோட்டாரு! ஒனக்கு யாருய்யா இந்த வேலை குடுத்தா? இருந்ததையும் கொன்னுட்டியே!"

"காஞ்சு கெடந்துச்சு, அதான்..."

"காஞ்சா கெடந்துச்சு? மண்ணத் தொட்டுப் பாத்தியா?" ஒரு நாற்றைப் பிடுங்கி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பேறி, நசுங்கி, தலைமுடி அளவுக்கு இளைத்திருந்தது. "இது தாகத்துல சாயல. மூச்சு முட்டிச் சாயுது. ஈரம் வத்தவே விடாம ஊத்துனா கழுத்து அழுகிப் போகும். வெளிச்சமும் காத்தும் இல்லாத எடத்துல இன்னும் வெரசா அழுகும். தண்ணிய மாட்டுக்கு வைக்கிற மாதிரி வச்சா எப்படி?"

அந்தக் கழுத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன் அக்கா. உன் டின்களில் பார்த்திருக்கிறேன்.

இப்போது சொல்கிறேன். அந்த நாற்றுகளுக்கு நீ மட்டும் தண்ணீர் ஊற்றவில்லை. தினமும் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன், நீ தொழுவத்தில் இருக்கும் நேரம் பார்த்து, நானும் ஒரு சொம்பு ஊற்றினேன். உன் பாரத்தில் கொஞ்சம் குறையட்டும், நாற்று பிழைத்தால் உன் முகம் தெளியும் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. ஓட்டை இல்லாத டின்னில், வெயில் எட்டாத அறையில், ஒரே நாளில் இரண்டு பேர் தண்ணீர். அவற்றைக் கொன்றதில் பாதி நான்.

தண்ணீர் ஊற்றிச் செடி சாகும் என்று நம் கரிசலில் யாருக்குத் தோன்றும்? நமக்குத் தெரிந்த சாவெல்லாம் காய்ந்து சாவதுதான். வாடினால் தண்ணீர், அதற்கும் நிமிராவிட்டால் பெண்ணின் கை. இடையில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்க்க ஒருவரும் இல்லை.

என் வாடகை அறையில் இரண்டு டின் வைத்தேன். ஒன்றில் நாம் செய்ததையே செய்தேன், மூலையில் வைத்துக் காலையும் மாலையும் ஊற்றினேன். இன்னொன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்து, விதையை நெருக்காமல் கலக்க விதைத்து, வெயில் விழும் ஜன்னலில் வைத்தேன். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் தெளித்தேன். முதல் டின்னில் பாசி படர்ந்து கொசு போல ஈ பறந்தது, முளைத்ததில் பாதிக்கு மேல் சாய்ந்தது. இரண்டாவதில் குட்டையாக, கரும்பச்சையாக நின்றது.

இரண்டையும் தூக்கிக்கொண்டு உன் ஊருக்குப் போனேன். மச்சான், உன் மாமியார், செல்வி, பக்கத்து வீட்டார் இரண்டு பேர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். உன் மாமியார் சிரித்தார்.

"தண்ணி ஊத்துனா செடி சாகுமா? ஏய்யா முருகேசு, ஐ.டி.ஐ.யில இதத்தான் படிச்சுக் குடுத்தாகளா?"

சாய்ந்த நாற்றைப் பிடுங்கிக் கழுத்தைக் காட்டினேன். மச்சான் வாங்கிப் பார்த்தார். எழுந்துபோய் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தார். அப்போது எனக்குத் தைரியம் வந்தது. "அத்தை, அன்னைக்கு அக்கா ஊத்துனது போக நானும் தெனம் ஊத்துனேன். நாத்துச் செத்ததுல எனக்குத்தான் பங்கு. அக்கா கையில ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஆம்பளப் பய நீ ஊத்துன தண்ணியில என்னய்யா இருக்கு? தண்ணி வேற, கை வேற. பெறந்தவ மேல பாசம், பேசுற."

ஆறு வருஷமாக உன்மேல் கிடக்கும் பழியை என்மேல் போடுங்கள் என்கிறேன், போட ஆள் இல்லை. பழிகூட எனக்கு ஒட்டவில்லை அக்கா. மச்சான் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். உன் மாமியார் அவரிடம் சொன்னார்: "தம்பி சொன்ன மாதிரியே செய்வோம். ஓட்டையும் போடு, ஜன்னல் பக்கமும் வை. நானே தண்ணி தெளிச்சுக்கிடுறேன். ஆனா அவ எட்டியே நிக்கட்டும்." செல்வி அடுப்படி நிலையில் எட்டித்தான் நின்றாள்.

போன வாரம் மறுபடி போனேன். நாற்று நிற்கிறது, ஒன்றுகூடச் சாயவில்லை. உன் மாமியார் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். "பாத்தியாய்யா? அவ கை படல, நிக்குது. நான் சொன்னப்ப யாரு கேட்டீக?"

உன் பெயரைத் துடைக்கப் போன நான், செல்விக்கு எதிராகச் சாட்சி வளர்த்துக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் செல்வி கூட வந்தாள். "அண்ணே, தீவாளிக்கு எங்க ஊருக்குப் போயிட்டு வான்னு சொல்றாக. பெட்டியோட போகச் சொல்றாக. எப்ப வரணும்னு சொல்லல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்கய்யா என்னன்னு கேட்டா, நாத்துச் செத்துப்போச்சுன்னா சொல்லட்டும்? நாத்துதான் நல்லா நிக்குதே." சிரித்தாள். பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன். பதில் சொல்லாமல்தான் ஏறிக்கொண்டேன்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். நாற்றை வைத்து வாதாடப் போனதுதான் என் தப்பு. அது சாய்ந்தாலும் அவள் கை, நின்றாலும் அவள் கை படாததால். கேட்க வேண்டிய கேள்வி டின்னில் இல்லை. அது மச்சானைப் பார்த்துக் கேட்க வேண்டியது. அதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நாம் எல்லோரும் மிளகாய் நாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை பாலவனத்தம் போகிறேன். செல்வியின் ஐயாவைப் பார்த்து உன் கதையை முழுக்கச் சொல்வேன், என் சொம்புத் தண்ணீர் உட்பட, நம் ஐயா வாய் மூடி இருந்தது உட்பட. அங்கிருந்து அவரையும் கூட்டிக்கொண்டு உன் ஊருக்குப் போவேன். மச்சானைத் தெருவில் வைத்தே கேட்பேன்: "மதுரைக்கு வாங்க மச்சான், பெரியாஸ்பத்திரியில ஒங்களையும் பாக்கட்டும்." அடிக்க வரலாம். உறவு அறுந்தது என்று சொல்லலாம். ஊர் சிரிக்கலாம். உனக்காக ஒருவரும் கேட்காத அந்தக் கேள்வியைச் செல்விக்காகக் கேட்காமல் நான் பஸ் ஏற மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தும் அன்றைக்கு உனக்காகப் பேசாத தம்பி,
முருகேசன்