டிராக்டருக்கு மீன் எண்ணெய்

மகளே,

போனில் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

புயலன்று உங்கள் குப்பத்துப் படகுகளை மேட்டுக்கு இழுக்க நான் அனுப்பிய டிராக்டர் திரும்பி வந்து சேர்ந்தது. கடல் தண்ணீரில் இறங்கிய வண்டி, துருவோடுதான் திரும்பும் என்று நினைத்தேன். உன் வீட்டுக்காரர் குடிதண்ணீரில் கழுவி, சந்து பொந்தெல்லாம் துடைத்து அனுப்பியிருக்கிறார். அந்தத் தண்ணீருக்கு நீ லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுவது எனக்குத் தெரியும்.

ஆனால் மெழுகு பாலிஷ் போட வேண்டிய வண்டிக்கு, மரப்படகுக்குத் தடவுகிற மாதிரி மீன் எண்ணெயா? வயல் புழுதி அப்படியே ஒட்டுகிறது. நம் காட்டூர்ப் பூனையெல்லாம் வண்டிக்குப் பின்னால் வருகிறது.

"சோப்பு போட்டுக் கழுவிடட்டா?" என்றான் டிரைவர்.

"கை வச்சின்னா தெரியும் சேதி" என்றேன்.

பொங்கலுக்கு இரண்டு பேரும் வாருங்கள். மெழுகு டப்பா வாங்கி வைக்கிறேன். எப்படிப் போடுவதென்று மாப்பிள்ளைக்கு நானே காட்டுகிறேன்.

நைனா